வைக்கோல் வயிறு

வெள்ளவத்தையில் குடியிருந்துகொண்டு கொழும்பு ஆடுகளுக்கு வைக்கோல் விற்கிறவன், கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருந்து சாப்பிடுகிறவர் "தம்பி என்ன செய்யிறீர்?" என்று கேட்டால், ஒரு பெரிய கவளமாகச் சோற்றை வாயில் போட்டுக்கொள்வதுதான் புத்தி.

நான் அப்படித்தான் தப்பித்து வருகிறேன். உங்களிடம் ஒளிக்கத் தேவையில்லை. பால்மா விற்கிறவர்கள், பள்ளிக்கூடக் கன்ரீன் நடத்துகிறவர்கள், ஹொஸ்டல் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறவர்கள் எல்லாரும் என் இனம். வாங்குகிறவர் ஒருவர், தின்கிறவர் இன்னொருவர். வாங்கினவர் வாய் ஓயாமல் ஏசுவார், தின்ன வேண்டியவர் வாயையே திறக்கமாட்டார். நடுவில் நின்று முழிக்கிறது நாங்கள்.

என் முதலாளிக்குக் கொட்டாஞ்சேனையில் அரிசி மொத்த வியாபாரம். பொலன்னறுவைப் பக்கம் அறுவடை முடிந்ததும் வைக்கோலை வயலிலேயே கொளுத்துவதைப் பார்த்துவிட்டு வந்த மனிதருக்கு ஒரு யோசனை பிறந்தது. அரிசி வருகிற லொறியில் வைக்கோலையும் ஏற்றினால் என்ன? தின்பதற்குக் கொழும்பில் ஆடு இருக்கிறது. கொட்டாஞ்சேனை, தெமட்டகொடை, கொம்பனித்தெருச் சின்னத் தெருக்களில், ஒழுங்கைகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள், பஸ்ஸுக்கே வழி விடாத ஆடுகள். அதுகள் மேய்ந்த வெறுங்காணிகளை எல்லாம் தகரம் அடித்து மறைத்து மாடி கட்டுகிறார்கள். பலாக்குழை வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகாது.

வெறும் வைக்கோலில் சத்தும் இல்லை, சப்பவும் கஷ்டம். அதைச் சிறிதாக வெட்டி, யூரியா கரைத்த தண்ணீரை அளவாகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடையில் இறுக்கிக் கட்டிச் சில கிழமை வைத்தால் மெதுமையாகும், சத்தும் கூடும். பிறகு திறந்து, நெடி போகும் வரைக்கும் காற்றாட விட்டுத்தான் ஆட்டுக்குப் போட வேண்டும். இவ்வளவுதான் வித்தை. விவசாயம் படித்துவிட்டு வேலை தேடித் திரிந்த என்னை முதலாளி இதற்குப் பொறுப்பாகப் போட்டார். படித்த வரைக்கும் எனக்கு எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. ஆட்டைக் கண்ட பிறகுதான் மண்டை குழம்பத் தொடங்கியது.

லிஃப்டை நம்பாத மனிதர்

முதல் மூடைகளை அரிசிக் கடைக்குள் வைக்க முதலாளி விடவில்லை. அரிசியில் நெடி ஏறினால் யார் வாங்குவது என்று கேட்டார். நியாயம்தான். ஆகவே வெள்ளவத்தையில் நான் இருக்கிற ஃபிளாட்டின் கீழே, கார் நிறுத்துகிற இடத்து மூலையில் வைத்தேன். நாள் வந்ததும் ஒரு ஞாயிறு காலை போய்க் கயிற்றை அவிழ்த்தேன். ஐயோ, அந்த நெடி! கண்ணால் தண்ணீர் கொட்டியது, மூக்கு எரிந்தது. அது நல்ல சகுனம். நெடி அடித்தால்தான் வைக்கோல் சரியாகப் பதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். சந்தோசத்தில் மற்ற மூடைகளையும் அவிழ்த்துவிட்டேன்.

மேலே யாரோ "காஸ் லீக்காகுது!" என்று கத்தினார்கள். அவ்வளவுதான். வட்ஸ்அப் குழு பற்றி எரிந்தது, படிக்கட்டு நிறையச் சனம். ஒரு அக்கா நகைப் பெட்டியோடும் ரைஸ் குக்கரோடும் வந்தார். மூன்றாம் மாடியில் இருக்கிற இளைப்பாறிய வங்கி மனேஜர், இருமினால்கூட இங்கிலீசில் இருமுகிற மனிதர், சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, லிஃப்டை நம்பாமல் படியால் ஓடி வந்தார். காஸ் இல்லை ஐயா, ஆட்டுத்தீன் என்று நான் ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்க விளக்க அவர்களுடைய முகம் இன்னும் குழம்பியது. கடைசியில் மனேஜர் ஐயா வாயைக் கையால் பொத்தியபடி கிட்ட வந்து சொன்னார்: "ஆட்டுக்குத்தான் எண்டு முதலே ஒரு மெசேஜ் போட்டிருந்தீரெண்டா, நான் பல்லையாவது போட்டுக்கொண்டு வந்திருப்பன்."

விளங்காத சாமான்

கொம்பனித்தெருவில் எங்களுடைய முதல் வாடிக்கையாளர் ரைஹானா தாத்தா. முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள், இருக்கிறதை ஈக்கிறது என்பார்கள், சொன்னதைச் சென்னது என்பார்கள். கணவரை இழந்தவர், தன்னுடைய நானா வீட்டில், அதாவது அண்ணன் வீட்டில், இருக்கிறார். அந்த வீட்டில் கட்டில், அலுமாரி, ஃபிரிஜ் எல்லாம் நானாவுடையது. வாசலில் கட்டியிருந்த ராணி என்கிற மறியாடு மட்டும் தாத்தாவுடையது. ராணி குட்டி போட்டுக் கறக்கிற காலத்தில் அக்கம்பக்கத்தில் பால் விற்றுக் கையில் நாலு சல்லி வைத்திருந்தவர். இப்போது பால் வற்றிப் போச்சு. ஆடு எலும்பும் தோலும். மேய்கிற காணியையும் தகரம் அடித்து மூடிவிட்டார்கள். நானா ஆட்டை இறைச்சிக் கடைக்குக் கொடுத்துவிடச் சொல்லி நின்றார்.

"நானா நல்லவர், தம்பி. சோறு போடுறார். ஆனா சோறு போடுற கையயே பாத்துக்கிட்டு எத்தன நாளைக்கி ஈக்கிறது?" என்றார் தாத்தா. உடனே மூடையை இறக்கி விளக்கம் சொல்லத் தொடங்கினேன். யூரியா என்ற சொல் காதில் விழுந்ததும் தாத்தா கையைக் காட்டி நிறுத்தினார். அது மூத்திரத்தில் இருக்கிற சாமான்தானே, பள்ளிக்கூடத்தில் படித்தேனே என்றார். இல்லை, இது ஃபக்டரியில் செய்வது என்றேன். அப்ப வேற சாமானா? இல்லை, அதே சாமான். அப்ப மூத்திரமா? இல்லை, மூத்திரம் இல்லை, ஆனால் அதுதான். சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் பிடித்துவிட்டது. அந்தப் பாலை மனிசர் குடிக்கலாமா, பள்ளிவாசலில் கேட்க வேண்டுமா என்று அவர் கேட்க, கேளுங்கோ, கேட்டு எனக்கும் சொல்லுங்கோ என்றேன். தாத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, ஒரு மூடை வச்சிட்டுப் போங்க. ஒங்களுக்கே வெளங்காத சாமானெண்டா, ஏமாத்துறத்துக்குக் கொண்டு வந்ததா ஈக்காது."

ஃபேன் காற்று

கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தில் வேலை செய்கிற ஒரு அண்ணன் இரண்டு மூடை வாங்கினார். காற்றாட விட்டுத்தான் போட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வந்தேன். தோட்டம் வளவு உள்ளவர்களுக்குச் சொல்கிற புத்தியை, ஒரு பாய் விரிக்கிற அளவு முன்னறையில் குடும்பம் நடத்துகிற மனிதருக்குச் சொல்லியிருக்கிறேன், பாருங்கள் என்னுடைய கெட்டித்தனத்தை. மறுநாள் போனால், முன்னறையில் செற்றியைச் சுவரோடு தள்ளிவிட்டு, தரை முழுக்க வைக்கோல் பரப்பி, மேலே ஃபேனை முழு வேகத்தில் போட்டிருக்கிறார். வைக்கோல் அந்தோனியார் படத்தில் ஒட்டியிருக்கிறது, ரீவியில் ஒட்டியிருக்கிறது, பரீட்சைக்குப் படிக்கிற மகளின் தலையில் ஒட்டியிருக்கிறது. வீடு முழுக்கத் தும்மல்.

அண்ணன் பெருமையாக, நீங்கள் சொன்ன மாதிரியே செய்திருக்கிறேன் என்றார். சொன்ன மாதிரித்தான். குசினியில் இருந்து அவருடைய மனைவி தலையை நீட்டினார். "ஆட்டுக்கு ஃபேன் போட்டாச்சு. அடுத்தது ஏசி கேக்கும். அதையும் நீங்களே வந்து பூட்டிவிட்டுட்டுப் போங்கோ!"

களவுத் தீன்

ராணி வைக்கோலைத் தொடவில்லை. தாத்தா பிளாஸ்டிக் பேசினில் போட்டுப் பார்த்தார், கையில் வைத்து ஊட்டிப் பார்த்தார், கொஞ்சம் பாகு தெளித்துப் பார்த்தார். ராணி மணந்து பார்த்துவிட்டு, கலியாண வீட்டில் மாப்பிள்ளைப் பகுதி உப்பில்லாத கறியைத் தள்ளி வைக்கிற மாதிரி, மூக்கால் தள்ளிவிட்டு நின்றது. நான் தினமும் போய்ப் போய் வந்தேன். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இந்த ஆடு தின்னாவிட்டால் இறைச்சிக் கடைக்குத்தான் போகும் என்பது தாத்தாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆட்டுக்கு மட்டும்தான் தெரியாது.

எங்களுடைய லொறி ஓட்டுகிற நிமல் சிங்களப் பெடியன், நல்லாகத் தமிழ் கதைப்பான். ஒருநாள் அவன் லொறியின் பின்கதவைத் திறந்துவிட்டு வெற்றிலை போடப் போனான். நான் தாத்தாவோடு கதைத்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் ராணி கயிற்றை உருவிக்கொண்டு போய், லொறியில் ஏற்றியிருந்த மூடையைக் கிழித்து, அதே வைக்கோலை வாய் நிறைய இழுத்து இழுத்துத் தின்கிறது. நான் "ஏய்!" என்று கத்தினேன். இன்னும் வேகமாகத் தின்றது. பேசாமல் நின்றேன். தின்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. மறுபடி கத்தினேன், மறுபடி தின்றது. அன்றிலிருந்து தாத்தா வைக்கோலை ஒரு வலைப் பையில் திணித்து, தகர வேலியில் ராணியின் தலைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கவிட்டு, கையில் ஒரு ஈர்க்கு வைத்துக்கொண்டு, "எடுக்காத! அது அடுத்த வீட்டுச் சாமான்!" என்று சத்தம் போடத் தொடங்கினார். ராணி மளமளவென்று தின்றது. ஆடு தலைக்கு மேலே தொங்குவதை விரும்பித் தின்னும் என்று நான் படித்திருக்கிறேன். ஏச்சு வாங்கிக்கொண்டு தின்பது எந்தப் பாடத்திலும் இல்லை. நிமல்தான், அண்ணனைச் சிங்களத்தில் கூப்பிடுகிற மாதிரி என்னைக் கூப்பிட்டு, விளக்கம் சொன்னான்: "அய்யே, இது சாப்பாடு தேடுற ஆடு இல்ல. இது சண்டை தேடுற ஆடு."

குட்டியா, வைக்கோலா

சில மாதத்தில் ராணி ஆளே மாறிவிட்டது. தோல் மினுங்கியது, எலும்பு மறைந்தது, வயிறு பீப்பாய் மாதிரி இரண்டு பக்கமும் தள்ளியது. தாத்தாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. தெமட்டகொடையில் இருந்து சொந்தக்காரர் ஒருவரின் கிடாயைக் கொண்டுவந்து கொஞ்ச நாள் கட்டி வைத்திருந்தார்களாம், ஆகவே இது சினைதான் என்றார். நானா சிரித்தார். அந்தக் கிடாய்க்கு எழும்பி நிற்கவே ஏலாது, இது வெறும் வைக்கோல் வயிறு என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? வைக்கோல் தின்கிற ஆட்டுக்கு வயிறு பெருக்கிறது வழமைதான், சினை ஆட்டுக்கும் பெருக்கும், இரண்டும் சேர்ந்தும் பெருக்கலாம் என்று முழுப் பாடத்தையும் ஒப்பித்தேன். தாத்தாவின் முகம் வாடிப் போச்சு. என் நாக்கை நானே கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆடு கொழுத்த கதை இறைச்சிக் கடைக்காரருக்கும் எட்டிவிட்டது. எலும்பாக நின்றபோது வேண்டா வெறுப்பாகக் கேட்டவர், இப்போது தானே ஓட்டோ பிடித்து வந்து இறங்கினார். பாருங்கள் கூத்தை. ஆட்டைக் காப்பாற்றத்தான் தீன் போட்டோம். தீன் போட்டதால் ஆடு கத்திக்குத் தோதாகிவிட்டது. நான் செய்தது நன்மையா தீமையா என்று யோசித்துத் தலை கிறுகிறுத்தது. ஆனால் அந்த மனிதர் நியாயமான ஆள். ராணியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சினையாட்ட நான் அறுக்க மாட்டேன். வைக்கோல் எண்டா வார வெள்ளிக்கிழம எடுக்கிறேன். படிச்ச ஆள் நீங்க, ரெண்டுல ஒண்டச் சொல்லிருங்க."

முதலாளிக்கு வேண்டியது

கடைக்குப் போய் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். ஏதாவது வழி சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் எழும்பி நின்று என் முதுகில் தட்டினார். வைக்கோல் தின்றே ஒரு ஆடு அப்படிக் கொழுத்திருக்கிறது என்றால் இதைவிட விளம்பரம் உண்டா, ஆட்டைப் பக்கவாட்டில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு வா, மூடையில் அச்சடிப்போம் என்றார்.

ஐயா, அது சினையாகவும் இருக்கலாம் என்றேன். முதலாளியின் முகம் மாறிவிட்டது. அப்படி இருக்கக் கூடாது என்றார். தாத்தாவுக்கு அது குட்டியாக இருக்க வேண்டும், நானாவுக்கு வைக்கோலாக இருக்க வேண்டும், முதலாளிக்கும் வைக்கோலாக இருக்க வேண்டும். எனக்கு? சம்பளம் முதலாளியிடம், மனம் தாத்தாவிடம். முதலாளி மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார்: "குட்டி எண்டா அது கிடாயின்ர கெட்டித்தனம். எங்கட மூடைக்கு அதில என்ன பேர், சொல்லும் பாப்பம்?"

செல்லப் பிராணிகள்

சுகமாகத் தீர்க்கலாம் என்று எனக்கு ஒரு புத்தி வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் முடிந்தது. அரசாங்க மிருக வைத்தியர் அந்தக் கிழமை முழுக்கப் பயிற்சிக்குப் போயிருந்தார். வெள்ளவத்தையில், எங்களுடைய ஃபிளாட்டுக்குக் கிட்ட, தனியார் மிருக ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. ஓட்டோவில் ராணியை நடுவில் இருத்தி, ஒரு பக்கம் தாத்தா, மறு பக்கம் நான். காலி வீதி முழுக்க ராணி வெளியே தலையை நீட்டிக்கொண்டு வந்தது. சிக்னலில் பஸ் மிதிபலகையில் நின்ற ஒருவருடைய பத்திரிகையில் பாதியைத் தின்றது.

ஆஸ்பத்திரி ஏசியில் குளுகுளுவென்று இருந்தது. மடியில் பூனை, மடியில் பூனை, கூடைக்குள் பூனை. எல்லாப் பூனையும் சோப்புப் போட்டுக் குளித்த பூனை. ராணி நேரே போய் அங்கே இருந்த பூச்சாடியின் இலையைக் கடித்தது. ஒரு பூனை சீறி அலுமாரி மேல் பாய்ந்தது. அதைப் பிடிக்கப் போன அம்மாவின் மூக்குக் கண்ணாடி விழுந்தது. டொக்டர் உள்ளே சத்திரசிகிச்சையில், வர இன்னும் நேரம் செல்லும் என்றார்கள். வரவேற்பில் இருந்த பெண்பிள்ளை என்னைக் கும்பிடாத குறை. எனக்கு அங்கிள் வயது இல்லை என்று அந்த நேரத்தில் யாருக்குச் சொல்வது? "அங்கிள், பேஷன்ட்ஸ் எல்லாரும் பயப்படுதுகள். ப்ளீஸ், உங்கட ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ!"

வெள்ளிக்கிழமை

ஸ்கேன் எடுக்காமலே அந்த நாள் வந்துவிட்டது. ஜும்ஆத் தொழுகை முடிந்து இறைச்சிக் கடைக்காரர் வந்தார். நானா வந்தார். ஒழுங்கையே வந்தது. தாத்தா ராணியின் கயிற்றை இரண்டு சுற்றாகக் கையில் சுற்றிப் பிடித்திருந்தார். அழுகிற ஆள் இல்லை அவர். கண் சிவந்திருந்தது.

ஆட்டின் இடப் பக்கத்தில் இரைப்பை, வலப் பக்கத்தில் கையை வைத்து அமத்தினால் குட்டி தட்டுப்படும் என்று படித்திருக்கிறேன். குனிந்து கையை வைத்தேன். ராணி ஒரு சுற்றுச் சுற்றியது. மறுபடி வைத்தேன். மறுபடி சுற்றியது. நாலு பேர் பார்க்கிற பதற்றத்தில் எது ஆட்டின் வலம், எது என்னுடைய வலம் என்று தடுமாறிவிட்டேன். கைக்குள் ஏதோ ஒன்று உருண்டது. அது குட்டியின் தலையா, காலையில் தின்ற வைக்கோலா? சத்தியமாக எனக்குத் தெரியாது. நிமிர்ந்தேன். தாத்தா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "சினைதான்," என்றேன். நிச்சயமாகவா என்று கேட்டார் இறைச்சிக் கடைக்காரர். "நிச்சயம்," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. அவர் தலையை ஆட்டிவிட்டு ஓட்டோவில் ஏறினார். ஏறும்போது நானாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "விடுங்க நானா. படிச்ச மனிசன், ஆட்டு விசயத்துல பொய் சொல்ல மாட்டார்."

காலி வீதியில் ஒரு அழைப்பு

பிறகு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு நாளும் நானா ஃபோனில் கோல் எடுத்து, எங்க தம்பி குட்டி என்று கேட்பார். வரும் நானா என்பேன். முதலாளி, படம் எங்கே என்று கேட்பார். வரும் ஐயா என்பேன். கொம்பனித்தெருப் பக்கம் போகவே கால் கூசியது. ஆடு குட்டி போடாவிட்டால் நான் பொய்யன், தாத்தாவுக்கு அந்த வீட்டில் இருக்கிற கொஞ்ச மரியாதையும் போச்சு. மூடைகளை நிமலிடம் கொடுத்துவிட்டு, லொறி முடக்கில் திரும்பும்போதே நான் இறங்கிக்கொள்வேன்.

ஒரு காலை, பம்பலப்பிட்டியில் பஸ் நெரிசலில் தொங்கிக்கொண்டு நிற்கிறேன், ரைஹானா தாத்தாவின் இலக்கத்தில் இருந்து அழைப்பு. எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தேன். முதலில் ஒரே சத்தம், ஒழுங்கைப் பிள்ளைகள் கூச்சல் போடுகிறார்கள், நானா யாரையோ துணி கொண்டு வரச் சொல்லிக் கத்துகிறார். பிறகு தாத்தா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பிரிக்க முடியாத ஒரு குரலில் சொன்னார்: "நானா சென்ன வைக்கோல் எழும்பி நிண்டு பால் குடிக்கிது, தம்பி. வந்து பாருங்க!"

தெரியாமல் சொன்ன ஒரு சொல் நாலு காலில் எழும்பி நின்றுவிட்டதால், இப்போது கொம்பனித்தெருவில் எந்த ஆட்டின் வயிறு பெருத்தாலும் முதல் அழைப்பு எனக்குத்தான் வருகிறது, நானும் போய்க் கையை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் விளங்காமல் தலையை ஆட்டிவிட்டு வருகிறேன்.